பந்து விழுந்த ஊரில் பரதம் வளர்த்த ஆசான்!

விஜயதசமி வந்தால் போதும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சணை எல்லாம் எடுத்து வைத்து, குட்டிப் பெண்ணுக்குப் பாவாடை கட்டி, நாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டு வருகிறோம். பூமாதேவியைத் தொட்டுக் கும்பிட்டு, குழந்தை முதன்முதலாகத் தட்டடவு தட்டும்போது நமக்குக் கண் நிறைந்துவிடுகிறது, இல்லையா?

அந்த வகுப்பு உங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் நடக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு அருகிலும் நடக்கலாம். அதன் வேர்களுள் ஒன்று, காவிரியின் வடகரையில், நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போகிறது. அந்த ஊர் பந்தநல்லூர். அங்கே குழந்தைகளுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அம்பிகை ஆடிய ஊர்

முதலில் ஊரின் கதை. கயிலையில் ஒருநாள் பார்வதி தேவி தோழியரோடு பந்தாடிக்கொண்டிருந்தாளாம். ஆட்டத்தின் மும்முரத்தில் பொழுது போனதே தெரியவில்லை. அவள் ஆட்டம் முடியட்டும் என்று சூரியனும் மறையாமல் நின்றுவிட, முனிவர்களின் அந்திக் கடன்கள் தடைபட்டன. சிவபெருமான் நேரில் வந்தும் அம்பிகை கவனிக்கவில்லை. கோபம் கொண்ட ஈசன் பந்தை எற்றித் தள்ளி, தேவியைப் பசுவாகும்படி சபித்தார். பந்து வந்து விழுந்த இடமே பந்தணைநல்லூர், இப்போதைய பந்தநல்லூர். பசுவாக வந்து பால் சொரிந்து வழிபட்ட அம்பிகையை ஏற்றுக்கொண்டதால், இறைவனுக்குப் பசுபதீஸ்வரர் என்று திருநாமம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் இது.

பொழுதை மறந்து அம்பிகை ஆடிய கதை வழங்கும் ஊரில்தான், 1869-ம் ஆண்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்தார்.

நால்வர் தந்த சீதனம்

பிள்ளையவர்கள், தஞ்சை நால்வர் என்று போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களின் வழியில் வந்தவர். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்ற நால்வரும், 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மராட்டிய அரசவையில் விளங்கியவர்கள். வடிவேலு பின்னர் திருவனந்தபுரம் சென்று, சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையை அலங்கரித்தார்.

இன்று உங்கள் பெண்ணின் அரங்கேற்றத்தில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசையாக நடக்கிறதே, அந்தக் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தித் தந்த பெருமை நால்வரையே சேரும். அவர்கள் இயற்றிய வர்ணங்கள், ஜதிஸ்வரங்களின் ஆடல் அமைப்புகள் பந்தநல்லூர் வீட்டில் பாதுகாக்கப்பட்டன. எல்லாம் வாய்மொழியாக, உடம்பு வழியாக வந்த பாடம்!

தட்டுக்கழியின் நாதம்

நட்டுவனாரின் வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? நிலைக்கண்ணாடி கிடையாது, பாட்டுப் பெட்டி கிடையாது. ஆசான் தரையில் உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையின் மீது தட்டுக்கழியால் தாளம் தட்டுவார். வாய் சொற்கட்டைச் சொல்லும். கண் குழந்தையின் பாதத்தையும் முழங்காலையும் அளந்துகொண்டே இருக்கும். அரைமண்டி சரியாக அமர வேண்டும். கை நேர்க்கோடாக நிற்க வேண்டும். ஒரே அடவை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என மூன்று வேகத்திலும் பிசகாமல் ஆடிய பிறகுதான் அடுத்த அடவு.

பந்தநல்லூர் பாணி என்றாலே ஆழ்ந்த அரைமண்டி, கோடு போட்டாற்போன்ற அங்க சுத்தம், மிகையில்லாத அபிநயம் என்று ரசிகர்கள் சொல்வதற்கு இந்தப் பொறுமையான பயிற்சியே காரணம்.

காலம் மாறியது

பிள்ளையவர்களின் வாழ்வில் பெரிய சோதனை, அவர் 60 வயதை நெருங்கும்போது வந்தது. அதுவரை சதிர் என்று அழைக்கப்பட்ட இந்த ஆடல், கோயில்களிலும் அரசவைகளிலும் தேவதாசிப் பெண்களால் ஆடப்பட்டது. அரசவைகள் மறைந்தன, ஆதரித்தவர்கள் குறைந்தார்கள். சின்னஞ்சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தால் பலரது வாழ்வு சீரழிவதைக் கண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை ஒழிக்கப் போராடினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் வந்தது. தேவையான சட்டம்தான். ஆனால், அந்த வழக்கத்தோடு சேர்த்து ஆடலையும் இழிவாகப் பார்த்தது சமுதாயம். நல்ல குடும்பத்துப் பெண் சலங்கை கட்டலாமா என்று கேட்ட காலம் அது.

1931-ல் சென்னை மியூசிக் அகாடமி, திருவாளப்புத்தூர் கல்யாணியின் பெண்களை ஆட வைத்தது. பிள்ளையவர்கள் உருவாக்கிய மாணவியர் அவர்கள். 1933-ல் மீண்டும் அவர்கள் ஆடியபோது பார்த்தவர்களில் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல். இதை நானும் கற்க வேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றவர், பந்தநல்லூர் ஆசானையும் நாடினார்.

யோசித்துப் பாருங்கள். ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்கும் பயிற்சி இது. கேட்டு வந்தவரோ 30 வயதைத் தொட்ட, வேறு சமூகத்துப் பெண்மணி. தலைமுறை தலைமுறையாகக் காத்த சொத்தை வெளியே கொடுப்பதா? கொடுக்காமல் வைத்திருந்தால் தன்னோடு அது போய்விடாதா? பிள்ளையவர்கள் கொடுத்தார். 1935 டிசம்பரில், 31-வது வயதில் அடையாறில் மேடையேறினார் ருக்மிணி தேவி. அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. பிள்ளையவர்களின் மாப்பிள்ளை சொக்கலிங்கம் பிள்ளையும் அங்கே ஆசிரியராக இருந்தார்.

அதன் பின் கதவு திறந்தே இருந்தது. பெங்களூரிலிருந்து ராம் கோபால் என்ற இளைஞர் பந்தநல்லூருக்கே வந்து கற்றார்; பின்னாளில் ஐரோப்பிய மேடைகளில் ஆடிப் புகழ் பெற்றார். சாந்தா ராவ், மிருணாளினி சாராபாய் போன்றோரும் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர்களே. மிருணாளினி 1949-ல் அகமதாபாத்தில் தர்ப்பணா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மொழி என்று ஆசான் தரம் பிரிக்கவில்லை. அடவில் மட்டும் சலுகை கிடையாது!

1954-ல் பிள்ளையவர்கள் மறைந்தார். மகன் முத்தையா பிள்ளையும், சொக்கலிங்கம் பிள்ளையும், அவர் மகன் சுப்பராய பிள்ளையும் அந்தத் தட்டுக்கழியை ஏந்தி அடுத்தடுத்த தலைமுறைகளை உருவாக்கினார்கள்.

மறக்கக் கூடாதவர்கள்

ஒரு விஷயம் மனதை உறுத்தத்தான் செய்கிறது. கதவு நமக்குத் திறந்த அதே காலத்தில், தலைமுறைகளாக ஆடிவந்த பெண்களுக்கு அது மூடிக்கொண்டது. சுவாமிக்குக் கும்ப ஆரத்தி எடுத்தவர்கள், புறப்பாட்டில் முன்னே ஆடிச் சென்றவர்கள், சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் மாமன்னன் ராஜராஜன், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கடைசியாக ஆடிய பெண்கள் பலரின் பெயரோ, எந்தக் கல்லிலும் இல்லை. நம் குழந்தைகள் பெருமையோடு ஆடும் ஒவ்வொரு அடவும், அவர்களின் பாதங்கள் காத்துக் கொடுத்ததுதான்.

ஆகவே, வாசகியரே! வகுப்பில் சேர்த்து இரண்டு வருடமாயிற்றே, அரங்கேற்றம் எப்போது என்று டீச்சரை அவசரப்படுத்தாதீர்கள். குழந்தை அரைமண்டியில் உட்காரப் பழகட்டும். ஆட்டத்தில் பொழுதை மறக்கட்டும். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பெண்ணுக்கும் ஆடும் ஆசை இருந்தால், அவளையும் கையோடு அழைத்துப் போங்கள். பிள்ளையவர்கள் காட்டிய வழி அதுதானே?

அடுத்த முறை கும்பகோணம் பக்கம் கோயில் யாத்திரை போனால், திருப்பனந்தாள் வழியாகப் பந்தநல்லூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். குழந்தையின் சலங்கையை எடுத்துச் சென்று, பசுபதீஸ்வரரையும் வேணுபுஜாம்பிகையையும் தரிசியுங்கள். அங்கே ஒரு நெய்விளக்கு ஏற்றும்போது, தட்டுக்கழியோடு அமர்ந்திருந்த அந்தப் பெரியவரையும், பெயர் தெரியாத அந்தப் பெண்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். குருவருளும் திருவருளும் உங்கள் வீட்டுச் சலங்கையில் சேர்ந்து ஒலிக்கும்!