கேக்குதா? கேக்குதா?

குற்றாலத்தில் சீசன் நேரம் மெயினருவிப் பக்கம் நின்று வீட்டுக்குப் போன் பேசியிருக்கிறீர்களா நண்பர்களே? சேதி சொன்னதைவிட, கேக்குதா, கேக்குதா என்று கத்தியதுதான் அதிகமா இருக்கும். இந்த ஒரு கேள்வியோடு வாழ்நாள் முழுக்க வாழ்ந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

1847 மார்ச் 3-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அம்மாவுக்கோ காது சரியாகக் கேட்காது. மகன் அம்மாவின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவாராம். உடன்பிறந்த இருவரையும் காசநோய் கொண்டு போனபின், 1870-ல் குடும்பம் கனடா சென்றது. பெல், பாஸ்டனில் காது கேளாதோருக்கு ஆசிரியரானார். அங்கே அவரிடம் படித்த மேபல், 1877-ல் அவருக்கு மனைவியானார். மேபலுக்கும் காது கேட்காது!

1876 மார்ச் 7-ல் தொலைபேசிக்குக் காப்புரிமை. மூன்றே நாளில், அடுத்த அறையிலிருந்த உதவியாளர் வாட்சனுக்குக் கம்பி வழியே குரல் போய்ச் சேர்ந்தது. 1882-ல் நம்ம சென்னைக்கும் தொலைபேசி நிலையம் வந்துவிட்டது. அவரிடம் குறையே இல்லையா? உண்டு. சைகை மொழியை எதிர்த்தார். அந்த மனவருத்தம் காது கேளாதோரிடம் இன்றும் இருக்கிறது.

1922 ஆகஸ்ட் 2-ல் மறைந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

அதுவரை குரல் தேய்வதை, இத்தனை மைல் கேபிளுக்குச் சமம் என்றுதான் கணக்கிட்டார்கள். 1920-களில் வந்த புது அலகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்குதான் நம்ம லேபில் படிக்கிற டெசிபெல். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி போச்சு!

ஆனால் டெசிபெல் மட்டும் போதாது. எதிரொலி, தாமதம், இரைச்சல் எல்லாம் சேர்ந்துதான் பேச்சைக் கெடுக்கும். அதனால் ஆட்களைக் கேட்கச் சொல்லி, 1 முதல் 5 வரை மார்க் போடவைத்துச் சராசரி எடுக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் லைனில் இருவர் பேசும்போது குறுக்கே போய் மார்க் கேட்க முடியுமா? அதற்காகவே, பேச்சைத் தொந்தரவு செய்யாமல் அளக்கும் கருவிகளுக்கு உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-ல் விதி வகுத்தது. வந்துசேர்ந்த குரலை மட்டும் வைத்தே மார்க்கைக் கணிக்கும் முறை 2004-ல் வந்தது.

மீட்டர் காட்டுவது எண்ணைத்தான். அந்த எண்ணுக்குப் பின்னால், மறுமுனையில் ஒரு காது காத்திருக்கிறது. அம்மாவின் நெற்றியருகே குனிந்த பையன் அதை முதலிலேயே அறிந்திருந்தான். நாமும் மறக்க வேண்டாம்!