ஆர்க்கிட் விதையின் ரகசியம் கண்ட பட்டாளத்துக்காரர்

மனுரேவாவில் எங்கள் வீட்டுப் புல்வெளியில் வெங்காயத்தாள் மாதிரி ஒற்றை இலையோடு ஏதோ முளைத்திருந்தது. களைன்னு பிடுங்கப் போனேன். அது வெங்காய ஆர்க்கிட், இந்த நாட்டுக் காட்டுச்செடி என்று மகள் தடுத்தாள். ஆசை விடவில்லை. ஒன்றை மட்டும் கிளறி எடுத்து, வேரைக் கழுவி, கடையில் வாங்கின மண்ணில் தொட்டியில் வைத்தேன். மறு வருஷம் புல்வெளியில் இருந்தவை எல்லாம் முளைத்தன, தொட்டியில் இருந்தது வரவே இல்லை. ஊரிலிருந்து வரும்போது ஷூவில் ஒட்டின மண்ணுக்கு ஆக்லாந்து ஏர்போர்ட்டில் ஏன் அத்தனை கெடுபிடி என்று சிரித்தவன் நான். மண் என்றால் வெறும் மண் இல்லை போல.

காரணம் தேடியபோதுதான் நோயல் பெர்னார் கிடைத்தார். 1874இல் பாரிஸில் பிறந்த தாவரவியலாளர். அவர் காலத்தில் ஆர்க்கிட் பணக்காரர்களின் பைத்தியம். ஆனால் விதை போட்டால் பெரும்பாலும் முளைக்காது. தூசு மாதிரி விதை, உள்ளே சேமித்த உணவு கிட்டத்தட்ட இல்லை. தாய்ச்செடியின் அடியில் தூவினால் சில சமயம் முளைக்கும் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

1899 மே மாதம். பெர்னார் மெலூன் நகரில் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார். பக்கத்து ஃபோந்தேன்புளோ காட்டில், பச்சையமே இல்லாத பறவைக்கூடு ஆர்க்கிட் ஒன்றின் தண்டு சருகுக்குள் புதைந்து கிடந்தது. அதன் காய்க்குள்ளேயே விதைகள் முளைவிட்டிருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் முளைத்த ஒவ்வொன்றுக்குள்ளும் பூஞ்சை இழை! பிறகு அந்த இனத்துப் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் விதையோடு சேர்த்து முளைக்க வைத்தும் காட்டினார்.

இது தர்மம் இல்லை என்பதையும் அவரே கண்டார். பூஞ்சை ஓங்கினால் நாற்று சாகும். நாற்று ஓங்கினால் பூஞ்சை அழியும், அப்புறம் வளர்ச்சியும் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று அடக்கி வைத்தால்தான் பிழைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். உருளைக்கிழங்கு திரள்வதும் பூஞ்சையால்தான் என்று அவர் நம்பியது மட்டும் பொய்த்தது.

புவாத்தியே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரைக் காசநோய் 1911 ஜனவரியில் கொண்டுபோனது. வயது 36.

1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையே இல்லாமல் விதைகளை முளைக்க வைத்தார். சூப்பர் மார்க்கெட்டில் ஆர்க்கிட் தொட்டி மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காட்டு ஆர்க்கிட்டுக்கு அந்த வசதி கிடையாது. நியூசிலாந்திலேயே மாசி பல்கலைக்கழகத்து எல்லா கேம்பல், இலையில்லாத ஓர் ஆர்க்கிட் பூஞ்சை வழியாக மரவேரிலிருந்து உணவு பெறுவதை 1962இல் எழுதினார்.

இப்போது புல் வெட்டும்போது அந்த மூலையை மட்டும் சுற்றிப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நான் சோம்பேறி ஆகிவிட்டதாக நினைக்கிறார். தொட்டியில் மகள் கொத்தமல்லி போட்டிருக்கிறாள்.