யாழுக்கு உயிர் தந்த அடிகளார்

ஈழத்தின் கிழக்கே காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், அறிவியல் பயின்று, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவரை, வழக்கொழிந்த யாழ் ஆட்கொண்டது. கருவியும் இல்லை, மீட்டும் கையும் இல்லை. எஞ்சியவை சிலப்பதிகாரமும் பிற பழநூல்களும் உரைகளுமே. குரல் முதல் தாரம் ஈறாக 4, 4, 3, 2, 4, 3, 2 என நின்ற 22 அலகுகளை அடிகளார் கணிதத்தால் துருவினார். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு 2:3. அலகுகள் யாவும் சமமானவை அல்ல. 80:81 என்னும், செவி அரிதின் உணரும் நுண்ணிடைவெளியும் அவற்றுள் உண்டு. அதனைத் தவறவிட்டால் பண் திரியும். நோய் நலித்த உடலோடு அவர் முடித்த யாழ்நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. நெடுங்காலம் மௌனித்திருந்த யாழ் அவ்வரங்கில் மீண்டும் ஒலித்தது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார்.