2 பிரதமர்களின் மரணம்... கடமை தவறாத குடியரசுத் தலைவர்! திருத்தணி தந்த தத்துவ மேதை கதை தெரியுமா?

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம்னு எல்லாருக்கும் தெரியும். அன்று பிறந்த ராதாகிருஷ்ணன் நம்ம திருத்தணிக்காரர்னு தெரியுமா?

1888இல் பிறந்தவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்து மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டில் அதையே கற்பித்தார். படித்த தத்துவத்துக்குப் பரீட்சை பின்னாடிதான் வந்தது.

1956இல் மனைவி சிவகாமு காலமானார். அப்போது இவர் குடியரசுத் துணைத் தலைவர். பணியைத் தொடர்ந்தார்.

1962இல் குடியரசுத் தலைவரானார். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். 1966 ஜனவரி 11 அன்று சாஸ்திரியும் போயிட்டார். இரண்டு முறையும் துக்கத்துக்கு நடுவே, அன்றைக்கே குல்சாரிலால் நந்தாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

சாவு நம்ம கையில இல்லை, செய்ய வேண்டிய வேலை நம்ம கையில இருக்கு. ரோம் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் போன்ற ஸ்டோயிக் சிந்தனையாளர்களின் வழியும் இதுதான்.

1967இல் ஓய்வு பெற்று சென்னை திரும்பியவர், 1975 ஏப்ரல் 17 அன்று காலமானார்.