பலிபீடத்தை மீண்டும் கட்டியவர்: யூதா மக்கபேயின் வாழ்க்கை



நம் வேதாகமத்தில் மல்கியாவின் புத்தகம் முடிந்தவுடனே மத்தேயு தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 400 ஆண்டுகள் உண்டு. அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு தேவமனிதர்தான் யூதா மக்கபே. அவருடைய சரித்திரத்தை மக்கபேயர் முதலாம் புத்தகம் சொல்லுகிறது. அது நாம் வாசிக்கும் 66 புத்தகங்களில் சேர்ந்ததல்ல. ஆனாலும் இயேசு பிறந்த காலத்து எருசலேமை அறிய விரும்புகிறவர்கள் யூதாவை அறியாமல் இருக்க முடியாது.

அவர் எதற்காகப் போராடினார் என்பது விளங்க வேண்டுமானால், முதலில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைப்பற்றிச் சொல்ல வேண்டும்.

மோசேயின் நியாயப்பிரமாணத்தின்படி ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, ஒரு வயதான பழுதற்ற இரண்டு ஆட்டுக்குட்டிகள் பலியிடப்பட வேண்டும். அவற்றோடு எண்ணெயில் பிசைந்த மெல்லிய மாவும் திராட்சரசமும் படைக்கப்படும். இதற்குச் சர்வாங்க தகனபலி என்று பெயர். சமாதான பலியில் ஆசாரியனுக்கும் பலி கொண்டுவந்தவனுக்கும் இறைச்சியில் பங்கு உண்டு. சர்வாங்க தகனபலியிலோ யாருக்கும் இறைச்சி இல்லை. ஒருவன் தனக்காகக் கொண்டுவரும் தகனபலியில் தோல் மட்டும் ஆசாரியனைச் சேரும், மற்றதெல்லாம் அக்கினிக்கே. கர்த்தருக்கு முழுவதுமாகக் கொடுத்துவிடுவது என்பதே அதன் பொருள். பலிபீடத்தின் மேலுள்ள அக்கினி அணைந்துபோகக் கூடாது என்றும் கட்டளை இருந்தது. ஆகவே ஆசாரியர் காலைதோறும் சாம்பலை அள்ளி, புது விறகை அடுக்கி, அந்த நெருப்பைக் காத்துவந்தார்கள்.

கி.மு. 167-இல் அந்த அக்கினி அணைந்தது.

அப்போது யூதேயா, சீரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க அரசனாகிய நான்காம் அந்தியோகஸின் கையில் இருந்தது. அவன் முன்னமே தேவாலயத்துக்குள் புகுந்து பொன் தூபபீடத்தையும் குத்துவிளக்கையும் சமுகத்தப்பங்களின் மேஜையையும் கொள்ளையிட்டிருந்தான். இப்பொழுது தன் ராஜ்யத்து மக்கள் எல்லாரும் ஒரே வழக்கத்துக்கு வர வேண்டும் என்று கட்டளையிட்டான். ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தடை செய்யப்பட்டன. வேதச்சுருள்கள் கிழித்து எரிக்கப்பட்டன. அன்றாட பலி நிறுத்தப்பட்டது. கிஸ்லே மாதம் 25-ஆம் தேதி, தகனபலிபீடத்தின் மேல் எழுப்பிய அந்நிய பீடத்தில் அந்நிய தெய்வத்துக்குப் பலியிட்டார்கள்.

இந்தக் கட்டளையோடு அரசனுடைய அதிகாரிகள் எருசலேமுக்கு வடமேற்கே உள்ள மோதேயின் என்னும் ஊருக்கும் வந்தார்கள். அங்கே மத்தத்தியா என்னும் வயதான ஆசாரியர் இருந்தார். யோவான், சீமோன், யூதா, எலெயாசார், யோனத்தான் என்று அவருக்கு ஐந்து குமாரர்கள். முதலில் பலியிட்டு மற்றவர்களுக்கு வழிகாட்டும்படி மத்தத்தியாவுக்குச் சொன்னார்கள். பரிசும் பெருமையும் தருவதாக ஆசை காட்டினார்கள். அவர் மறுத்தார். அந்நேரம் வேறொரு யூதன் பலியிட முன்வந்தபோது, மத்தத்தியா சினமடைந்து அவனையும் அதிகாரியையும் அங்கேயே கொன்றுவிட்டார். பின்பு தன் குமாரரோடு மலைகளுக்கு ஓடிப்போனார். இரத்தம் சிந்தித் தொடங்கிய இந்தப் போராட்டம் பின்னும் வெகு இரத்தம் சிந்தியே நடந்தது. பேதுருவின் பட்டயத்தை உறையிலே போடச் சொன்ன ஆண்டவருக்குப் பின்செல்லும் நாம் இதை மறைக்காமலும் புகழாமலும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டே மத்தத்தியா இறந்தார். இறக்குமுன் மூன்றாம் குமாரனாகிய யூதாவைப் படைக்குத் தலைவராக வைத்தார். மக்கபே என்பது யூதாவின் மறுபெயர். சம்மட்டி என்பது அதன் பொருள் என்று பலர் சொல்லுவார்கள்.

யூதாவிடம் இருந்தது சிறு கூட்டம். குதிரைப்படையும் யானைகளும் கொண்ட பேரரசுக்கு எதிரே அவர்கள் மலைவழிகளை நன்கு அறிந்த கிராமத்து மனிதர்கள். யூதா அப்பொல்லோனியு என்னும் தளபதியை வென்று அவனுடைய வாளை எடுத்துக்கொண்டார். அதன்பின் எல்லா யுத்தங்களிலும் அதையே ஏந்தினார். பெத்தொரோன் ஏற்றத்திலே இன்னொரு படையை முறியடித்தார்.

எம்மாவு யுத்தத்துக்கு முன் அவர் செய்த காரியம் அவருடைய இருதயத்தைக் காட்டுகிறது. தேவாலயம் அந்நியர் கையில் இருந்ததால் ஜனங்களை மிஸ்பாவிலே கூட்டினார். அவர்கள் உபவாசித்து, இரட்டுடுத்தி, தலையில் சாம்பல் போட்டுக்கொண்டார்கள். ஆசாரிய வஸ்திரங்களையும் முதற்பலன்களையும் தசமபாகங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். விரதகாலம் முடிந்த நசரேயர்களையும் முன்னே நிறுத்தினார்கள். நசரேயன் தன் விரதத்தை முடிக்க ஆசரிப்புக்கூடார வாசலிலே தகனபலியும் பாவநிவாரணபலியும் சமாதானபலியும் செலுத்த வேண்டும். பலிபீடம் இல்லாமல் அவன் எங்கே போவான்? இந்த மனிதர்களை என்ன செய்வோம், இந்தக் காணிக்கைகளை எங்கே கொண்டுபோவோம் என்று ஜனங்கள் வானத்தை நோக்கிக் கதறினார்கள்.

பலிபீடம் போனதால் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு என்பதை இங்கே காணலாம். பொருத்தனை செய்தவன் அதை முடிக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற தாய் சுத்திகரிப்பின் பலியைச் செலுத்த முடியவில்லை. பாவம் செய்து மனம் வருந்தியவன் பலிமிருகத்தின் தலையில் கைவைக்க இடமில்லை. யூதாவின் மனதில் இருந்த பாரம் இதுதான்.

யுத்தத்துக்கு முன்பு, வீடு கட்டுகிறவர்களையும் பெண் நியமித்தவர்களையும் திராட்சத்தோட்டம் நாட்டினவர்களையும் பயப்படுகிறவர்களையும் நியாயப்பிரமாணத்தின்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீதியாயிருந்தவர்கள் 3,000 பேர். எதிரிகளில் ஒரு பகுதி இரவிலே யூதாவின் பாளயத்தைத் தேடிப் போயிருந்தது. அந்த இரவிலே யூதா புறப்பட்டு, விடியற்காலையில் எம்மாவிலிருந்த அவர்களுடைய பாளயத்தின்மேல் விழுந்து ஜெயித்தார். பின்பு பெத்சூரிலே லீசியாவின் படையும் பின்வாங்கியது. எருசலேமுக்கு வழி திறந்தது.

கி.மு. 164-இல் அவர்கள் சீயோன் மலையில் ஏறியபோது கண்ட காட்சி பரிதாபமானது. வாசற்கதவுகள் எரிந்துகிடந்தன. பிராகாரங்களில் காட்டைப்போலச் செடிகள் வளர்ந்திருந்தன. ஆசாரியரின் அறைகள் இடிந்துபோயிருந்தன. யுத்தத்தில் கலங்காத வீரர்கள் அங்கே தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு அழுதார்கள்.

யூதா அழுதுகொண்டே இருக்கவில்லை. பக்கத்துக் கோட்டையில் இன்னும் எதிரிகள் இருந்தபடியால், அவர்களைத் தடுக்க ஒரு கூட்டம் வீரரை நிறுத்தினார். குற்றமற்ற ஆசாரியர்களைத் தெரிந்துகொண்டு தேவாலயத்தைச் சுத்திகரிக்கச் செய்தார்.

அப்பொழுது ஒரு கேள்வி எழுந்தது. தீட்டுப்பட்ட தகனபலிபீடத்தை என்ன செய்வது? அதில் தொடர்ந்து பலியிட முடியாது. அதற்காகக் கர்த்தருடைய நாமத்துக்குப் பிரதிஷ்டை செய்யப்பட்ட கற்களைக் குப்பையில் எறியவும் மனமில்லை. ஆகவே அதை இடித்து, கற்களை ஆலயமலையில் ஒரு தகுந்த இடத்திலே பத்திரமாக வைத்தார்கள். ஒரு தீர்க்கதரிசி எழும்பி அவற்றைக்குறித்துச் சொல்லும்வரை அவை அங்கே இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். வெற்றிபெற்ற தளபதி தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கவில்லை. தெரியாததைக் கர்த்தர் தெரியப்படுத்தும்வரை காத்திருக்க அவர் அறிந்திருந்தார்.

பின்பு, உளிபடாத முழுக்கற்களை எடுத்து, நியாயப்பிரமாணம் சொன்னபடியே புதிய பலிபீடம் கட்டினார்கள். பணிமுட்டுகளைப் புதிதாகச் செய்தார்கள். தூபம் காட்டினார்கள், விளக்கேற்றினார்கள், மேஜையின்மேல் அப்பம் வைத்தார்கள். கிஸ்லே மாதம் 25-ஆம் தேதி, அதாவது பலிபீடம் தீட்டுப்பட்ட அதே நாளில், அதிகாலையிலே எழுந்து புதிய பலிபீடத்தில் பலியிட்டார்கள். பாட்டும் சுரமண்டலமும் கைத்தாளமும் ஒலிக்க, ஜனங்கள் முகங்குப்புற விழுந்து பணிந்தார்கள். எட்டு நாள் பிரதிஷ்டையைக் கொண்டாடி, ஆண்டுதோறும் அதை ஆசரிக்க வேண்டும் என்று நியமித்தார்கள். யூதர் இன்று ஹனுக்கா என்று கொண்டாடுவது இதுவே.

அதற்குப் பின்னும் யூதாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. தம்பி எலெயாசார் ஒரு யுத்தயானையின் கீழ் நசுங்கி மாண்டார். கி.மு. 160-இல் எலாசாவிலே பெரும்படை எதிர்த்து வந்தபோது, யூதாவோடிருந்தவர்களில் பலர் பயந்து விலகினார்கள்; 800 பேரே மீதியாயிருந்தார்கள். பின்வாங்கும்படி அவர்கள் கெஞ்சியும் அவர் சம்மதிக்கவில்லை. அன்று அவர் விழுந்தார். சகோதரராகிய யோனத்தானும் சீமோனும் அவரை மோதேயினில் தகப்பனாரின் கல்லறையில் அடக்கம்பண்ணினார்கள். யூதா மறைந்தபோதிலும் காலையிலும் மாலையிலும் ஆட்டுக்குட்டிகள் பலியிடப்பட்டுக்கொண்டே இருந்தன. கி.பி. 70-இல் ரோமர் எருசலேமை முற்றுகையிட்ட நாட்களில்தான் அந்தப் பலி நின்றது.

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். யூதாவுக்கு ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்குப் பின்பு, நாசரேத்தூர்த் தாய் ஒருத்தி தன் முதற்பிள்ளையை ஏந்திக்கொண்டு எருசலேமுக்கு வந்தாள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு நியாயப்பிரமாணம் அனுமதித்த பறவைகளையே அவள் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். அவள் வருவதற்கு அங்கே ஓர் ஆலயம் இருந்தது. செலுத்துவதற்கு ஒரு பலிபீடம் இருந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒரு மாரிகாலத்தில், யூதா ஏற்படுத்திய அதே பிரதிஷ்டைப் பண்டிகையின்போது சாலொமோனுடைய மண்டபத்திலே உலாவினார் என்று யோவான் 10-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவரே உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி. அவர் ஒரேதரம் தம்மைப் பலியாகக் கொடுத்ததினால் இன்று நமக்கு வேறு ஆட்டுக்குட்டி தேவையில்லை.

ஆனால் காலையும் மாலையும் இன்னும் இருக்கின்றன. சபையின் ஆண்டுவிழாவும் ஒரு பிரதிஷ்டைப் பண்டிகைதான். யூதாவின் ஆட்கள் எட்டு நாள் மகிழ்ந்தார்கள். ஒன்பதாம் நாள் காலையிலும் பலிபீடத்தில் ஆட்டுக்குட்டி வைக்கப்பட வேண்டியிருந்தது. நம்முடைய விழா முடிந்த மறுநாளும், வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுவதற்குமுன் ஒரு ஜெபம், இரவில் குடும்பமாக உட்கார்ந்து ஒரு ஜெபம் என்று நம் வீட்டுப் பலிபீடத்தின் அக்கினி அணையாதிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.