அவுதார் சிங் பெயின்டல்

அவுதார் சிங் பெயின்டல் (செப்டெம்பர் 24, 1925 – டிசம்பர் 21, 2004) இந்திய உடலியங்கியல் அறிஞரும் மருத்துவரும் ஆவார். இதயம், நுரையீரல், இரைப்பை ஆகிய உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பு முனைகள் பலவற்றைக் கண்டறிந்தவர். நுரையீரலில் உள்ள ஜே உணர்வேற்பிகள் இவரது கண்டுபிடிப்புகளுள் மிகவும் அறியப்பட்டவை. இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய உடலியங்கியலாளர் இவரே. அறிவியல் ஆய்வில் நேர்மைக்காகக் குரல் கொடுத்தவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பெயின்டல் பர்மாவில், மாணிக்கக் கற்களுக்குப் பெயர்பெற்ற மோகோக் நகரில் பிறந்தார். இவரது தந்தை பிரித்தானிய அரசின் மருத்துவப் பணியில் இருந்தவர். பள்ளிப் பருவத்திலேயே கல்விக்காக இந்தியாவுக்கு வந்த பெயின்டல், இலாகூரில் பயின்றபின் இலக்னோவில் உள்ள கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1948 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அதே கல்லூரியில் மேற்படிப்பின்போது, மனநலம் குன்றியோரிடமும் மற்றவர்களிடமும் தோலின் மின்தடை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்தார். வியர்வை சுரக்கும்போது தோலின் மின்தடை குறைகிறது. வியர்வையைக் கட்டுப்படுத்துவது தன்னியக்க நரம்பு மண்டலத்தின் ஒரு பிரிவு. எனவே இவரது முதல் ஆய்வே இந்நரம்பு மண்டலத்தைச் சார்ந்ததாக அமைந்தது.

பின்னர் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவித்தொகையுடன் இசுக்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் விட்டரிச்சின் கீழ் ஆய்வு செய்து, 1952 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வின் பின்புலம்

நம் விருப்பத்துக்குக் காத்திராமல் இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், செரிமானம், வியர்வை முதலியவற்றை ஒழுங்குபடுத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம் ஆகும். இதற்கு இப்பெயரை 1898 இல் இட்ட ஆங்கிலேய அறிஞர் யோன் லாங்லி, உறுப்புகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் அமைப்பாகவே இதனைக் கருதினார். ஆனால் மார்பிலும் வயிற்றிலும் பரவியுள்ள வேகசு நரம்பின் இழைகளுள் பெரும்பான்மையானவை எதிர்த்திசையில், அதாவது உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்புபவை. அவை எந்த இடத்திலிருந்து, எதைப் பற்றி அறிவிக்கின்றன என்பது அன்று தெளிவாகத் தெரியவில்லை.

ஒரு நரம்பில் பல்லாயிரம் இழைகள் இருக்கின்றன. அவற்றின் மின்துடிப்புகளை ஒருசேரப் பதிவு செய்தால், சந்தைக் கூட்டத்தில் ஒருவர் குரலைக் கேட்க முயல்வது போலாகும். பெயின்டல் நரம்பை மெல்லிய நூல்களாகப் பிரித்து, ஒற்றை இழையின் துடிப்பைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினார். இம்முறையே இவரது பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்கு அடிப்படையாகும்.

கண்டுபிடிப்புகள்

1953 இல் வெளியான கட்டுரையில், இதயத்தின் மேலறைகளில் இரு வகை உணர்வேற்பிகள் இருப்பதைக் காட்டினார். ஏ வகை மேலறை சுருங்கும்போது துடிக்கிறது. பி வகை மேலறையில் இரத்தம் நிறையும்போது துடிக்கிறது. 1954 இல் இரைப்பையின் விரிவை அறிவிக்கும் உணர்வேற்பிகளை விளக்கினார். உண்ட உணவு உடலில் சேர்வதற்கு முன்பே பசி அடங்குவது ஏன் என்பதற்கு இது ஒரு விடையாகும். தசைகளிலிருந்து வரும் மெல்லிய நரம்பிழைகளையும் இவர் ஆராய்ந்தார்.

நுரையீரலில் கண்ட புதிய உணர்வேற்பிகளைப் பற்றி 1955 இல் எழுதியபோது, நுரையீரல் சுருங்குவதை அறிவிப்பவை என்று கருதி அவற்றுக்கு அவ்வாறே பெயரிட்டார். மேலும் ஆராய்ந்தபோது, அவற்றை இயல்பாகத் தூண்டுவது சுருக்கம் அன்று, தந்துகிகளைச் சுற்றி நீர் கோத்துக் கொள்வதே எனத் தெரிந்தது. வேதிப்பொருள்களை இரத்தத்தின் வழியாகவும் காற்றின் வழியாகவும் செலுத்தி, துடிப்பு தொடங்கும் கால இடைவெளியைக் கணக்கிட்டு, இவ்வுணர்வேற்பிகள் தந்துகிகளை ஒட்டி அமைந்துள்ளன என்று முடிவு செய்தார். 1969 இல் தாம் இட்ட பழைய பெயரைத் தாமே கைவிட்டு, தந்துகிகளுக்கு அருகில் இருப்பவை என்னும் பொருளில் ஜே உணர்வேற்பிகள் எனப் புதிய பெயர் சூட்டினார்.

இவை தூண்டப்படும்போது மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் மாறுகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைகின்றன. இதய நோயாளிகளுக்கும் உயர்மலைப் பகுதிகளில் நுரையீரல் வீக்கம் ஏற்பட்டவர்களுக்கும் உண்டாகும் மூச்சுத்திணறலை விளக்க இக்கண்டுபிடிப்பு உதவியது.

கடும் உடற்பயிற்சியின்போது இவ்வுணர்வேற்பிகள் கால் தசைகளைத் தளரச் செய்து உடலைக் காக்கின்றன என்றும் பெயின்டல் கருதினார். விலங்குகளில் இதற்குச் சான்று கிடைத்தது. எனினும் ஆத்திரேலிய ஆய்வாளர்கள் மனிதர்களிடம் நடத்தி 1998 இல் வெளியிட்ட சோதனைகளில் இத்தகைய தசைத் தளர்ச்சி காணப்படவில்லை.

வகித்த பொறுப்புகள்

நாடு திரும்பிய பின் கான்பூரில் இருந்த பாதுகாப்பு அமைச்சின் ஆய்வுக்கூடத்திலும், தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்திலும் பணியாற்றினார். 1964 முதல் 1990 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லபாய் பட்டேல் மார்பு நோய்க் கழகத்தின் இயக்குநராக இருந்தார். 1986 முதல் 1991 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். நிருவாகப் பொறுப்புகளுக்கு இடையிலும் ஆய்வைக் கைவிடவில்லை. மார்பு நோய்க் கழகத்தில் அமைந்த உள்ளுறுப்புச் செயற்பாட்டு ஆய்வு மையத்தில், அசிமா ஆனந்த் உள்ளிட்டோருடன் சேர்ந்து ஜே உணர்வேற்பிகள் மனிதரிடம் செயற்படும் முறையை ஆராய்ந்தார்.

அறிவியல் நேர்மை

ஆய்வு முடிவுகளைத் திரித்தல், பிறர் உழைப்பைத் தமதாகக் காட்டுதல் ஆகிய முறைகேடுகளை விசாரிக்க அன்று இந்தியாவில் தனி அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இந்நிலையில் 1986 இல் அறிவியல் விழுமியங்களுக்கான கழகம் உருவானது. இதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரான பெயின்டல் அதன் முதல் தலைவராகவும் இருந்தார். தண்டிக்கும் சட்ட அதிகாரம் இல்லாத இக்கழகம், முறையீடுகளை ஆராய்ந்து தன் முடிவுகளை வெளியிடுவதையே வழியாகக் கொண்டது. சக அறிவியலாளர்கள் மீதான குற்றச்சாட்டுகளை வெளிப்படையாக ஆராய்வது எளிதன்று. தாம் வெளியிட்ட முடிவையே சான்றின் அடிப்படையில் திருத்திய ஒருவர் அதற்குத் தலைமை ஏற்றது குறிப்பிடத்தக்கது.

சிறப்புகள்

1966 இல் எடின்பரோ அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1981 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1986 இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. வேகசு நரம்பின் உணர்வேற்பிகள் பற்றி இவர் 1973 இல் எழுதிய விரிவான தொகுப்புக் கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது.

மறைவு

பெயின்டல் 2004 டிசம்பர் 21 அன்று தில்லியில் காலமானார். உலகெங்கும் உடலியங்கியல் பாடநூல்களில் ஜே உணர்வேற்பிகள் இன்றும் அவர் இட்ட பெயராலேயே கற்பிக்கப்படுகின்றன.