ஹெர்மன் ஹாலரித்

ஹெர்மன் ஹாலரித் (பெப்ரவரி 29, 1860 - நவம்பர் 17, 1929) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புள்ளியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். துளையிட்ட அட்டைகளில் பதியப்பட்ட விவரங்களை மின்சாரத்தின் உதவியால் எண்ணும் இயந்திரத்தை இவர் உருவாக்கினார்.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், செருமனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். கொலம்பியா சுரங்கவியல் பள்ளியில் 1879 ஆம் ஆண்டு பட்டம் பெற்றபின், 1880 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணியாற்றினார். ஏறத்தாழ 5 கோடி மக்களின் விவரங்களைக் கையால் தொகுத்து முடிக்க ஏழு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. இதற்கு இயந்திரம் தேவை என்ற எண்ணத்தை, அப்பணியில் இருந்த மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் இவருக்கு ஊட்டினார்.

ஹாலரித் முதலில் காகித நாடாவில் துளையிட்டுப் பார்த்தார். ஒரு விவரத்தை எடுக்க நாடா முழுவதையும் ஓட்டவேண்டி இருந்ததால் அதனைக் கைவிட்டு, ஒருவருக்கு ஓர் அட்டை என்ற முறைக்கு மாறினார். தொடர்வண்டிப் பயணச்சீட்டில் நடத்துனர் பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு ஆகியவற்றைத் துளைகளாகக் குறித்ததைக் கண்டதே இதற்குத் தூண்டுதலாயிற்று.

அட்டையின் அமைப்பு

1890 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அட்டையில் 24 நிரல்களும் 12 நிரைகளும், ஆக 288 துளையிடங்கள் இருந்தன. வயது, பால், பிறந்த இடம், தொழில் போன்ற ஒவ்வொன்றுக்கும் குறித்த இடங்கள் ஒதுக்கப்பட்டன. இயந்திரத்தின் ஊசிகள் அட்டைமீது இறங்கும்போது, துளை உள்ள இடத்தில் ஊசி கீழேயுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சுற்று நிறைவுற்று எண்முகப்பு ஒன்று நகரும்.

ஒரு நிரலாக்கப் பொருளை ஜேசன் போன்ற வடிவத்துக்கு மாற்றும்போது பண்பின் பெயரும் மதிப்பும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. ஹாலரித்தின் அட்டையிலோ துளை மட்டுமே உண்டு; அது வயதா தொழிலா என்பதை இடமே சொல்லும். ஆகவே இட ஒதுக்கீட்டை அறியாதவருக்கு அட்டை வெறும் ஓட்டைகளே. இடம் ஒதுக்கப்படாத எந்த விவரமும், கணக்கெடுப்பாளர் எழுதி வந்திருந்தாலும், எண்ணிக்கையில் சேராது. இச்சிக்கனமே இம்முறையின் வலிமை, குறையும் அதுவே.

பிற்காலம்

1896 இல் டாபுலேட்டிங் மெசின் நிறுவனத்தைத் தொடங்கினார். இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு விட்டார். வாடகை குறித்துக் கணக்கெடுப்புத் துறையுடன் பிணக்கு ஏற்பட, அத்துறை 1910 ஆம் ஆண்டுப் பணிக்குத் தானே இயந்திரங்களை உருவாக்கிக்கொண்டது. 1911 இல் இவரது நிறுவனம் வேறு சிலவற்றுடன் இணைக்கப்பட்டது. அந்த இணைப்பு நிறுவனமே 1924 இல் ஐபிஎம் எனப் பெயர் மாறியது.

ஹாலரித் வாசிங்டனில் காலமானார். போர்ட்ரான் மொழியில் எழுத்துச் சரங்களின் முன் இடப்பட்ட எச் என்னும் எழுத்து இவர் பெயரைக் குறித்தது. 1977 ஆம் ஆண்டுத் தரத்தில் அது நீக்கப்பட்டது.